பல்லால் கடித்த நூல்

என் வாயாடிப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னால் "சரி விடு பாட்டி" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் பல் லேபில், கம்ப்யூட்டரில் அச்சு வரைகிற வேலையிலிருந்து உன்னை எடுத்து, செயற்கைப் பல்லுக்கு மெருகு போடுகிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்களாம். நீ வேலையையே விடப்போகிறாயாம். உன் அம்மா சொல்லிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக் கடைவாய்ப்பல் நட்டுக்கொள்ளப் போன அன்று, பல் டாக்டர் அறைக்கு வெளியே நான் அடித்த தம்பட்டத்தை நீ கேட்டிருக்க வேண்டும். "என் தாடையை ஸ்கேன் எடுத்து அனுப்பினாங்க. என் பேத்தி கம்ப்யூட்டர்ல திருப்பித் திருப்பிப் பார்த்து அச்சு செஞ்சிருக்கா. அதைப் பல்லு மேல மாட்டிட்டா துளை போடற கருவி இம்மி விலகாது. அடியில ஓடற நரம்புக்கும் ஆபத்தில்லை" என்றேன். பக்கத்திலிருந்தவர், "கடைவாய்ப் பல்லு இல்லாமலே இந்தப் போடு போடறீங்களே, வந்துட்டா எங்க கதி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே போனதும் டாக்டர் அச்சை மாட்டினார். உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. நீ அதில் விட்டிருந்த சின்ன ஜன்னல் வழியே பார்த்தார். பல்லுக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி. மரத்துப்போகிற ஊசிகூடப் போடாமல் கையுறையைக் கழற்றிவிட்டு உனக்குப் போன் செய்தார். "ஏம்மா, சொந்தப் பாட்டி வாய்க்கே அளவு தப்பா?" என்றார். நீ பதில் சொன்னது எனக்கும் கேட்டது. "என் தப்புதான் சார்" என்றாய்.

உன் தப்பில்லை கண்ணே. ஸ்கேன் எடுத்த மறுவாரம் பொத்தான் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தேன். கீழ் முன்பல்லில் ஒரு சில்லு தெறித்தது. "கத்தரிக்கோல் எதுக்கு பாட்டி இருக்கு?" என்று நீ எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்! உனக்குத் தெரியாமல் அடுத்த தெரு டாக்டரிடம் போய், பல் நிறத்திலேயே பூசி அடைத்துக்கொண்டேன். பல் முன்பைவிடக் கொஞ்சம் தடித்துவிட்டது. நீ வரைந்தது பழைய பல்லுக்கு.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். மூடி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே அத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் எழுந்து வந்தேன். நீ பழியைச் சுமந்தாய்.

நாற்பது வருஷம் தைத்தவள் நான். அளவு கொடுத்துவிட்டு, உடம்பைப் பெருக்கிக்கொண்டு வந்து, சட்டை இறுக்கிப் பிடிக்கிறதென்று என் முகத்தில் வீசியவள் ஒருத்தியை இன்னும் மறக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம்?

நேற்று டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "நானும் பார்த்திருக்கணும் பாட்டி" என்றார். உன் மேலாளருக்கு என் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னார். மறுபடி ஸ்கேன் எடுத்தாயிற்று. அச்சு யார் செய்வது என்று கேட்டார். என் பேத்தி செய்தால் வாயைத் திறப்பேன், இல்லாவிட்டால் கஞ்சியே போதும் என்றேன்.

கத்தரிக்கோலை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். உன் அம்மா பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஒரு தப்பும் செய்யாமல் "என் தப்பு" என்று இனி யாரிடமும் சொல்லாதே. வேலையை விடாதே. உன் கண்ணும் கையும் நூறு வருஷம் பிசகாதிருக்கட்டும். எனக்கு அந்த அச்சை மறுபடி செய்து அனுப்பு தாயே. அதுவரை வாய் திறக்காமல் காத்திருக்கிறேன்.

உன்னைப் பார்த்துப் பெருமைப்படும்,
பாட்டி