கைத்தடியை விட்டுப் போனவனுக்கு

ஹிவாசா
செவ்வாய்க்கிழமை, முற்பகல்

அன்புத் தம்பி மொரியோவுக்கு, அக்கா தோமியே எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மீன் லாரி கொமாத்சுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இன்று இரவு நீ முரோத்தோ முனை விடுதியில் இடம் சொல்லி வைத்திருக்கிறாயாமே. எனக்கு எப்படித் தெரியும் என்று முறைக்காதே. எண்பத்தெட்டுக் கோயில் சுற்றுகிறவன் இந்தத் தீவில் எங்கே தும்மினாலும் விடுதி நடத்துகிற எங்களுக்குச் செய்தி வந்துவிடும்.

எல்லாரும் முதல் கோயிலில் தொடங்கி வலமாக வருவார்கள். நீ லீப் வருஷத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் புண்ணியம் அதிகம் என்று கடைசிக் கோயிலிலிருந்து தலைகீழாகக் கிளம்பினாய். வழிகாட்டும் அம்புகள் எல்லாம் எதிரே வருகிறவர்களுக்காக மரத்தில் வரைந்தவை. உன் கண்ணுக்கு மரத்தின் முதுகுதான் தெரியும். அதனால் பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று பின்னால் திரும்பிப் பார். அம்பு எந்தப் பாதையிலிருந்து வருகிறதோ அதில் போ.

மதியம் உட்கார்ந்து காலுறையை மாற்று. கொப்புளம் வந்தால் ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு, நூலை அப்படியே விட்டுவிடு. தண்ணீர் தானாக வடியும். தோலை உரித்தாயோ, தொலைந்தாய். சுரங்கப் பாதையில் வண்டிக்காரர்கள் கண்ணில் படும்படி வெள்ளைத் துண்டை வீசிக்கொண்டே போ. சாகிஹாமா தாண்டினால் நோனே வரை கடை கிடையாது. தண்ணீரும் சோற்று உருண்டையும் எடுத்துக்கொள். வழியில் யாராவது ஆரஞ்சு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அது உனக்குத் தருவதல்ல, கண்ணுக்குத் தெரியாமல் உன்னோடு நடக்கிற தாய்ஷி மகானுக்குத் தருவது.

பார், காலுறையையும் கொப்புளத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தது அதற்கல்ல.

காலையில் தோனோஹாமாவிலிருந்து ஃபுசாயே போன் பண்ணினாள். நேற்று நீ தங்கினாயே, அந்த விடுதிக்காரி. "அக்கா, உங்க தம்பி தடிய விட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள். நான் சிரித்தேன். "தடிய மறக்காத யாத்ரீகன் யாருடி? எங்க வாசல்லயே நாலஞ்சு கெடக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மறந்துட்டுப் போனா வாசல்ல கெடக்கும்கா. இது அடியக் கழுவித் தொடச்சு, மணியக் கழட்டி, சாமி மாடத்துல சாத்தி வெச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் பைக்ல தொரத்திப் போயிக் குடுத்தாரு. வாங்கலையாம். 'இனிமே எனக்கு அது தேவைப்படாது, வேற யாருக்காவது குடுங்க'ன்னாராம். சோத்து உருண்டை குடுத்தேன், அதையும் வேணாம்னுட்டாரு" என்றாள். ரிசீவரை வைத்தபின் அரிசி களைய முடியவில்லை.

உனக்குத் தெரியாததா? அந்தத் தடிதான் தாய்ஷி. வழியில் செத்துப் போகிறவனைப் புதைத்து அவன் தலைமாட்டில் அதைத்தான் நடுவார்கள். தடி வேண்டாம் என்கிறவன் மண்ணில் கிடக்க நினைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நாளை நீ நடக்கப்போவது கடலோரச் சாலை. நம் ரியோஹேயைக் கொண்டுபோய்த் திருப்பித் தராத அதே கடல். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், நீ உன் பிள்ளையிடம் போய்விடப் பார்க்கிறாயா?

உடனே கிக்குயோவுக்குப் போன் பண்ணினேன். தடி விஷயம் சொல்லவில்லை. ஆனால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா? "அண்ணி, ராத்திரியெல்லாம் ஒக்காந்து 'நான்தானே அவனப் படகுக்குக் கூப்பிட்டேன், நான்தானே கூப்பிட்டேன்'னு சொல்லிட்டே இருப்பாரு. கோயிலச் சுத்தினா மனசு ஆறும்னு நான்தான் அனுப்பி வெச்சேன். புள்ளயக் குடுத்துட்டேன், இவரையும்…" என்றாள்.

ஆமாம், நீதான் கூப்பிட்டாய். மீன்பிடிக்கிறவன் வீட்டுப் பிள்ளை அப்பா கூப்பிட்டால் வராமல், மேயர் கூப்பிட்டாலா வருவான்? பிள்ளையைக் கூப்பிட்டாய், அலையை நீ கூப்பிடவில்லை. இதை உன் முகத்துக்கு நேரே முன்னமே சொல்லியிருப்பேன். நீதான் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

உன் அத்தான் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். வேண்டாம் என்றேன். இன்றைக்கு ஜீப்பில் ஏற்றி வீட்டில் விடுவார்கள். மறுநாள் நீ வேறு கரைக்குப் போவாய். அப்போது உன்னை எங்கே தேடுவேன்? முனை விடுதிக்காரரிடம் மட்டும் எல்லாம் சொல்லிவிட்டேன். இன்று இரவு அவர் உன் அறையிலேயே படுப்பார். மனுஷர் குறட்டை விடுவார், பொறுத்துக்கொள். ஃபுசாயே உன் தடியை பஸ்ஸில் ஏற்றி அங்கேயே அனுப்பிவிட்டாள். நாளைக்கு அதை எடுக்காமல் வாசலைத் தாண்டாதே.

நான் சாயங்காலம் பஸ் பிடித்து கன்னௌரா வரை வந்துவிடுவேன். விடியலில் அங்கிருந்து முனையை நோக்கி நடக்கிறேன். விடுதியை உன் அத்தான் பார்த்துக்கொள்வார். சோறு குழைந்தால் விருந்தாளிகள் பாடு. இத்தனை வருஷம் யாத்ரீகர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் வைத்திருக்கிறேனே தவிர, ஒரு கோயிலுக்கும் நடந்து போனதில்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று அவர் கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும்.

இன்னும் ஒன்று. வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம் நடங்கள் என்றுதான் எல்லா யாத்ரீகர்களுக்கும் சொல்லி அனுப்புவேன். உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நீ வரும் திசையில் வலப்பக்கம் கடல். நீ இடப்பக்கமாக, மலையை உரசிக்கொண்டு வா. லாரி பின்னால் வந்தால் வரட்டும், லாரிக்காரனாவது பிரேக் போடுவான். நானும் மலையோரமாகவே வருகிறேன். அந்தச் சாலைக்குப் பிரிவு கிடையாது, நீ என்னைத் தாண்டிப் போக முடியாது.

தலைகீழாகச் சுற்றுகிறவனுக்கு எதிரே தாய்ஷியே வருவார் என்பார்கள். அவர் வருவாரோ மாட்டாரோ, நான் வருவேன். தொப்பி போட்டுக்கொண்டு ஒரு குண்டுப் பொம்பளை நொண்டி நொண்டி வந்தால் அது உன் அக்காதான். என்னிடம் எதுவும் பேச வேண்டாம். அழ வேண்டும் என்றால் ரோட்டோரமாக உட்கார்ந்து சேர்ந்து அழலாம். என் கண்ணில் நீ படும்வரை மணலில் மட்டும் இறங்காதே, ராஜா. எனக்கு நீந்தத் தெரியாது.

தாய்ஷி உன்னை என் கைக்கு எட்டும் வரை நடத்திக் கொண்டுவரட்டும்.

உன் அக்கா
தோமியே