நடுச்சுவருக்கு அப்பால் கேட்ட சிரிப்பு

என் வீட்டுக்காரருக்கு,

வீட்டில் குளியல் தொட்டி இருக்கும்போது, புதன்கிழமை தவறாமல் தெருமுனைப் பொதுக் குளியல் கூடத்துக்கு ஏன் போகிறீர்கள்? திரும்பும்போது முகத்தில் ஏன் அவ்வளவு மலர்ச்சி? எவளோ இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதனால் நேற்று உங்கள் பின்னாலேயே வந்து, பெண்கள் பக்கம் நுழைந்தேன்.

அங்கே ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லையே. வெந்நீரில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"யோவ் நிஷிவாக்கி, மண்டையை அந்தப் பக்கம் திருப்பு, கண்ணு கூசுது!" என்றான் ஒருவன்.

"கூசினா கண்ணை மூடிக்கய்யா, மொட்டை என்னோடது!" என்றீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து என் பக்கத்தில் டோப்பாவோடுதான் தூங்குகிறீர்கள். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? எவளாவது இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவர்களிடம் இல்லாத பயம் என்னிடம் மட்டும் எதற்கு?

இன்று அதைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். கதவைத் திறப்பவளைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமென்று திரும்பிப் போய்விடாதீர்கள். அவளுக்குப் புருவமே கிடையாது. இத்தனை நாளும் நீங்கள் பார்த்தது பென்சிலால் வரைந்தது.

நீங்கள் சிரித்துவிடுவீர்களோ என்ற சந்தேகத்தோடு,
உங்கள் மனைவி