பட்டாணியில் வந்த எலி

லிங்கன்ஷயர், ஜூலை 1957

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

திங்கட்கிழமை எங்கள் தொழிற்சாலையில், டப்பாவில் அடைக்கும் இயந்திரத்துக்கு, வெந்த பட்டாணியோடு ஒரு செத்த எலியும் வந்தது. மேஸ்திரி கபிட், "தூக்கிப் போட்டுட்டு ஓட்டும்மா, டப்பாவுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றார். நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். அத்தனை பட்டாணியும் குப்பைக்குப் போனது. எல்லோரும் இரவு வரை இருந்து இயந்திரத்தைக் கழுவ வேண்டியதாயிற்று.

"பெரிய மகாராணி! உன்னால இன்னிக்கு டான்ஸுக்குப் போக முடியலடி," என்று என் அறைத்தோழி பெரில் சீறினாள். எலியைவிட இவர்கள்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறார்கள்.

வேலை போகவில்லை, கவலைப்படாதே. கையில் அந்த எலி நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. வாசனைச் சோப்பு ஒன்று அனுப்பு. கடிதத்தையும் கொஞ்சம் நீளமாக எழுது அம்மா. மதியம் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, படித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்
டோரீன்