சுவரைப் பார்த்து நிற்கும் சேஷகிரி சார்

அல்சூர், பெங்களூரு
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள டோரதி அப்பாவுக்கு,

ஹெலன் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். பிரஷர் மாத்திரையை மறப்பதில்லை. நர்சரிப் பிள்ளைகள் வழக்கம்போல் என் உயிரை வாங்குகிறார்கள். போனில் நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று. அடுத்து சிலிண்டர் வந்ததா என்பீர்கள், அதுவும் வந்துவிட்டது. இனி நீங்கள் கேட்காததை எழுதுகிறேன்.

கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் டோரதி பெயரை எடுத்த உடனே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறதே! ஜாம்பியாவில் சுரங்கத்துக்கு அடியில்கூட சிக்னல் கிடைக்கிறது என்று பெருமையடித்த மனிதர் நீங்கள்தான். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் லீவு முடிந்து உங்கள் சுரங்கத்துக்கே திரும்புகிற மதியழகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கின்றன. கருவாட்டை எடுத்துக்கொண்டு கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மதியழகனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

மாதா திருவிழா போன வாரம் முடிந்தது. சிவாஜிநகர் முழுக்கக் காவிப் புடவைதான். நான் இந்த வருஷம் காவி கட்டவில்லை. கோயிலுக்குப் போனேன், கடைசி வரிசையில் நின்றேன், மாதாவின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் அடங்கவில்லை.

எதிர்வீட்டுச் சொர்ணத்தை உங்களுக்குத் தெரியும். யோகா, சிரிப்பு கிளப், பிராணாயாமம் என்று ஊரில் எங்கே பாய் விரித்தாலும் முதல் ஆளாக உட்காருகிறவள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடி ஹால். ஆழ்மனம், ஆன்மிகம், தன்னை அறிதல் என்று வாசலில் பேனர். யாராவது சாமியார் மாலையோடு உட்கார்ந்திருந்தால் திரும்பிவிடலாம் என்று செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தேன். சாமியார் இல்லை. நடுவில் ஒரு விளக்கு, சுற்றிலும் பாய்கள். நடத்துகிறவள் பிரபா என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண். மனோதத்துவம் படித்தவள், குரலை உயர்த்தாமல் பேசுகிறவள். தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுகிற கூட்டம். எனக்கு அங்கே எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது தன் கனவைச் சொன்னால், மற்றவர்கள் அதற்கு அர்த்தம் சொல்லக்கூடாது. ‘இது என் கனவா இருந்தா’ என்று ஆரம்பித்து, தன்னைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கடவுள் டோரதியை ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு விளக்கம் சொன்ன நம் சொந்தக்காரர்களையெல்லாம் கொண்டுபோய் அங்கே உட்கார வைக்க வேண்டும்.

என் கனவைச் சொன்னேன். டோரதி கேட் வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறாள். நான் அவள் ஹெல்மெட்டை வீடு முழுக்கத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. ஹாரன் மட்டும் நிற்காமல் கேட்கிறது. சொர்ணம் முறை வந்தபோது, இது என் கனவா இருந்தா ஆளுக்கு ரெண்டு ஹெல்மெட் வாங்கி வச்சிருப்பேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அடக்கத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அதற்காக அழுதேன்.

ஜூலையில் வேறொன்று செய்தோம். நம் வீட்டு ஆட்களுக்குப் பதிலாக அங்கே இருக்கிறவர்களையே நிற்க வைப்பது. யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அவர் தோளில் இரண்டு கையையும் வைத்து, நீ இன்னார் என்று பெயர் சொன்னால் போதும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்லக்கூடாது. உடம்பு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே அவர் போகலாம். முடிந்ததும் மறுபடி தோளில் கை வைத்து, நீ அவர் இல்லை, நீ இன்னார் என்று அவருடைய சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது பிரபாவின் கண்டிப்பு.

டோரதிக்கு ஷில்பா என்ற பெண்ணைக் கூப்பிட்டேன். துமகூர்ப் பெண், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பி.ஜி. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். முகஜாடை ஒன்றும் கிடையாது. டோரதி மாதிரியே துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

உங்களுக்கு சேஷகிரி சார். பேங்கில் ரிட்டயர் ஆனவர், மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ பிடித்து வருவார். முட்டி வலி, பாயில் உட்கார முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வார். அவர் தோளில் கை வைக்கக் கூச்சமாக இருந்தது, விரல் நுனியால் தொட்டேன். நீங்க டோரதி அப்பா என்றேன். பேரைச் சொல்லுங்க மேடம் என்றாள் பிரபா. அதான் பேர் என்றேன். கல்யாணத்தன்று பாதர் முன்னால் உங்கள் பெயரைச் சொன்னதோடு சரி, அதுவும் பாதருக்கே கேட்டிருக்காது. டோரதி பிறந்த நாளிலிருந்து எனக்கு நீங்கள் டோரதி அப்பாதான். பிரபா விட்டுவிட்டாள்.

ஷில்பா நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்து, மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சேஷகிரி சார் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்துபோய், மூக்கு இடிக்கிற அளவுக்குச் சுவரை ஒட்டி நின்றுவிட்டார். எப்படி இருக்கு சார் என்று பிரபா கேட்டாள். தன் கன்னடத் தமிழில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘திரும்ப முடியல மா. திரும்பினா அந்தம்மா முகத்தைப் பாக்கணுமே.’

உங்களைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. இது ஆழ்மனமா, தற்செயலா, பெரியவருக்கு ஏற்பட்ட கூச்சமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த முதுகை நான் பார்த்திருக்கிறேன். கோலாரில், உங்கள் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் டோரதியை வைத்து மண் போட்டபோது, எல்லோரும் குழியைப் பார்த்து நிற்க, நீங்கள் மட்டும் சுரங்கக் கழிவு கொட்டிக் கிடக்கிற சயனைடு மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றீர்கள். அடக்கம் முடிந்து டிக்கெட் எடுத்துப் போகிறவரை என் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

அன்றைக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஷில்பாவின் தோளில் கை வைத்தேன், பெயர் சொல்லாமலே எடுத்துவிட்டேன். சரி, அடுத்த வாரம் செய்யலாம் என்றாள் பிரபா. தன் கண்டிப்பை அவள் தளர்த்தியது அன்றைக்கு மட்டும்தான், அதுவே தப்பாகப் போயிற்று.

அடுத்த வாரமும் சொல்லவில்லை. அதற்குள் ஷில்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டாள். தேங்காய்ப்பால் சோறும் கோழிக் குழம்பும் செய்து போட்டேன். முதலில் ஆன்ட்டி என்றாள், பிறகு அம்மா என்றாள். டோரதியின் மஞ்சள் குர்த்தா அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு சொர்ணம் ஒன்றுமே சொல்லவில்லை. சொர்ணம் வாயை மூடிக்கொண்டாள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று உங்களுக்கே புரியும். ஆனால் எனக்கு அந்த ஞாயிறுகள் வேண்டியிருந்தன. சனிக்கிழமையே கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டு, சந்தோஷமாகத் தூங்கினேன்.

போன புதன்கிழமை துமகூரிலிருந்து ஷில்பாவின் அம்மா போன் செய்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கன்னடத்தில், மெதுவாக, என் பெண் வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாகிறது, கௌரி பண்டிகைக்கும் வரவில்லை, எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் அம்மா வீட்டில் என்கிறாள், அப்படியானால் நான் யார் என்று கேட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக அந்தம்மா அழுகிற சத்தமும் நான் அழுகிற சத்தமும் ஒன்றாகத்தான் இருந்தன.

நேற்றுச் சனிக்கிழமை சொல்லிவிட்டேன். ஷில்பாவின் தோளில் கை வைத்தேன். நீ டோரதி இல்லை, நீ ஷில்பா, துமகூரில் உன் அம்மா உனக்காகக் காத்திருக்கிறாள் என்றேன். சொல்லி முடித்ததும் என் கையை அவள் தோளிலிருந்து சொர்ணம்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது. நம் பிள்ளையை நானே மறுபடி மண்ணில் வைத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவையும் நான் தனியாகத்தான் வைத்தேன். ஷில்பா தேம்பித் தேம்பி அழுதாள். குர்த்தாவைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாங்கிக்கொண்டேன், எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்து சேஷகிரி சார். இத்தனை வாரமும் அந்த மனிதர் கூட்டம் முடிகிற நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, சுவர் ஓரம் போய் நின்று, இன்னிக்காவது விடுவீங்களா மா என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நேற்று அவர் சிரிக்கவில்லை. அவர் தோளைத் தொட்டு நான் சொல்ல வேண்டியது என்ன தெரியுமா? நீங்கள் டோரதி அப்பா இல்லை என்று.

என்னால் முடியாது என்றேன். சேஷகிரி என்று மட்டும் சொன்னாலும் போதும் மேடம் என்றாள் பிரபா. அதற்கும் மாட்டேன் என்றேன். ஏனென்றால் டோரதி அப்பா இல்லை என்கிற அந்த வார்த்தையை அங்கே சுரங்க இருட்டுக்குள் நீங்களே உங்களுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடக்கத்தன்று உங்கள் சித்தப்பா, பொண்ணுக்கு எதுக்குடா வண்டி வாங்கிக் குடுத்தே என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. லாரிக்காரன்தான் சிக்னலை மதிக்காமல் வந்து அவள் மேல் மோதினான் என்று போலீஸே எழுதியாயிற்று. உங்களுக்கு மட்டும் அது இன்னும் போய்ச் சேரவில்லை. லீவில் வந்திருந்தபோது ஏரிக்கரை ரோட்டில் விடியற்காலையில் நீங்கள் பின்னாலேயே ஓடி ஓடி அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போக பொம்மசந்திரா பஸ்ஸுக்கு ஒரு நாளும் நின்றதில்லை. தினமும் கேட்டைத் தாண்டியதும் ஒரு ஹாரன் அடிப்பாள், அது எனக்கு. இன்னொன்று அடிப்பாள், அது அப்பாவுக்கு, ஜாம்பியாவரை கேட்கட்டும் என்பாள். இதை நான் உங்களிடம் போனில் சொல்ல வந்தபோதெல்லாம் சிக்னல் போய்விட்டது.

உங்கள் அப்பா வேலை பார்த்த காலத்தில், கோலாரில் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் பித்தளை டோக்கன் எடுத்துக்கொண்டு போவார்கள், ஏறி வந்து அதைப் பலகையில் மாட்டுவார்கள், ஓர் ஆணி காலியாக இருந்தால்கூட மேலே இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நான் போகவில்லை. பலகைக்குக் கீழேயேதான் நிற்கிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அவளுக்கு இது முதல் தடவை. புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடிக்க நான் ஆள் தேடப்போவதில்லை, நீங்கள்தான் செய்ய வேண்டும். லீவு கேளுங்கள். வந்த மறு சனிக்கிழமை என்னோடு அந்த மாடிக்கு வாருங்கள். ஆழ்மனம், கனவு எதிலும் உங்களுக்கு நம்பிக்கை வேண்டாம். சேஷகிரி சார் தோளில் கை வைத்து, நீங்க போலாம் சார், நான் வந்துட்டேன் என்று நீங்களே சொன்னால் போதும்.

நேற்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நிஜமான ஆள் வரும்வரை நிற்பீர்களா சார் என்று கேட்டேன். நிக்கிறேன் மா, ஆனா சீக்கிரம் வரச் சொல்லுங்க என்றார். முட்டி வலிக்காரர். நீங்கள் வருகிற வரைக்கும் அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வரட்டும். அதற்காக மட்டும் அவளிடம் மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டோரதி அம்மா