உதயரூபன் அண்ணனின் வீடியோ

தோஹா,
ஜூன் 2009

அன்பு மனைவி பஸ்மிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மகளும் உம்மாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். சண்டை முடிந்த பிறகு ஓட்டமாவடிக்கு பஸ்கள் ஒழுங்காக வருகின்றனவா?

இங்கே அலுவலகத்தில் எல்லோருடைய கோப்புகளையும் சேமித்து வைக்கும் மூன்று சேர்வர் கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லோரும் தங்கள் கோப்புகளை ஒன்றிலேயே போட்டதால் அது வேகம் குறைந்து இழுபட்டது. மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. வரைபடங்களையும் கணக்குகளையும் அந்த இரண்டுக்கும் பிரித்து மாற்றினேன். சொந்தக் கோப்புகளை அழித்துவிடும்படி மனேஜர் சொன்னார்.

அவற்றில் பெரியது ஸ்டோரில் வேலை செய்யும் உதயரூபன் அண்ணனின் வீடியோ. அவர் மட்டக்களப்புக் கடற்கரையில் இருக்கிற நாவலடிக்காரர். சுனாமியில் மனைவியையும் மகளையும் இழந்தவர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அழிச்சிடாத தம்பி. மகள்ட பிறந்தநாள் வீடியோ. லண்டன்ல இருக்கிற மச்சான் போன மாசந்தான் அனுப்பினவர்."

"பாத்தீங்களா அண்ணன்?"

"இன்னும் இல்ல. தனியப் பாக்க ஏலாம இருக்கு."

டிவிடியில் பதிந்த பிறகுதான் அழித்தேன். வெள்ளிக்கிழமை என் அறையில் இருவருமாகப் பார்த்தோம். எல்லோரும் பாடி முடிக்குமுன்னே பிள்ளை மெழுகுதிரியை ஊதிவிட்டுச் சிரித்தது. அண்ணன் அழவில்லை. "இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். பிறகு சோறு சாப்பிட்டோம்.

சேர்வர்கள் இப்போது வேகமாக வேலை செய்கின்றன. மனேஜருக்கும் திருப்தி.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. நான் போன் எடுக்கும்போது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள். பேச வெட்கப்பட்டால் வற்புறுத்தாதே. அவள் விளையாடும் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வாகனம் வந்து ஹோன் அடிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஜெஸீல்