நடுவில் இருப்பவளின் கண்கள்

ஒக்டோபர் 7, செவ்வாய். ஜெர்மனி, பான் நகரம்.
விடாத மழை. பஸ் பிந்தி. அருங்காட்சியகப் பட்டறைக்குப் பழஞ்சிலைக் கல் வந்திட்டுது. ஐபெல் மலைப்பக்கம், ஒரு மாட்டுப் பண்ணைச் சுவரிலிருந்து கழற்றினது. அதில் செதுக்கின மூன்று பெண்கள், வரிசையாய் இருக்கினம். மடியில் பழக்கூடை. ஓரத்து இரண்டு பேருக்கும் பூசணிக்காய் மாதிரித் தலையணி, கலியாணமானவையாம். நடுவில் இருப்பவள் குமர், விரிச்ச தலைமயிர். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி இங்க இருந்த கெல்ட்டியச் சனம் கும்பிட்ட தாய்த் தெய்வங்கள். பிறகு வந்த உரோமரும் கும்பிட்டவை.
பட்டறைத் தலைவர் யோஹானுக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. "கண்காட்சிக்கு வாசலிலேயே வைப்பம்."
வாங்க: பால், பல்பு, வீட்டில் இவருக்கு இருமல் மருந்து.

8, புதன்
கல்லைக் கழுவினன். தண்ணியும் மெல்லிய தூரிகையும் மட்டும். ஓரத்தவையின்ர முகம் தேய்ஞ்சு மொழுமொழுவெண்டு. நடுவில் இருப்பவளின்ர கண் மட்டும் கூர். உருப்பெருக்கியில் பார்த்தன். வெட்டுக்குள்ள ஊத்தை இல்லை, பாசி இல்லை. புது வெட்டு.
தலைவருக்குச் சொல்லேல்லை. ஏன்?

9
சொன்னன். சிவந்திட்டார். "நீங்கள் வந்து நாலு மாசம். நான் முப்பது வருசமாய்க் கல்லுப் பார்க்கிறன்." நாளைக்கு அறிக்கை வேணுமாம். கண்ணைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாதாம்.
வீட்டில் இவர்: "வேலை நிரந்தரமாகும் மட்டும் பேசாமல் இருமன். உமக்கேன் வில்லங்கம்?"
"பொய்க்குக் கீழ கையெழுத்து வைக்க ஏலாது."
பாதிச் சாப்பாட்டில் எழும்பிட்டார்.

10, வெள்ளி
பண்ணைக்காரி ஹில்டாவுக்குப் போன் எடுத்தன். கல்லை ஆரும் தொட்டதோ? "நான்தான்" எண்டா. "அப்ப மகள் ஆஸ்பத்திரியில். நான் கல்லுக்கு முன்னால அழுதழுது கேக்கிறன், நடுவில் இருப்பவளுக்குக் கண்ணே இல்லை. எங்களை எப்படிப் பார்ப்பாள்? மனுசன்ர உளியை எடுத்து வெட்டினன்." போனை வைக்க முந்திக் கேட்டா, "என்னில வழக்குப் போடுவினமோ?"
போடலாம். பழஞ்சின்னத்தைப் பழுதாக்கின குற்றம். எங்கட சிற்பிமாரும் கடைசியாய்க் கண் திறக்கிறவைதானே. அதை ஜெர்மனில் சொல்ல வாய் வரேல்லை.
அறிக்கை: கல் பழசு. கண்கள் அண்மையில் வெட்டப்பட்டவை. ஆரெண்டு எழுதேல்லை. கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு வந்திட்டன்.

13, திங்கள்
தலைவர் அறிக்கையை மேசையில் எறிஞ்சார். "கல்லே பொய்யெண்டு சொல்லப்போகினம். ஆர் வெட்டினது?"
நான் உருப்பெருக்கியை உறைக்குள்ள வைச்சன்.
"தெரியுமோ, தெரியாதோ?"
"தெரியும். சொல்லமாட்டன்."
வேலை போச்செண்டு நினைச்சன். அப்ப கதவடியில் ஒரு பொம்பிளை, நனைஞ்ச கோட்டோட. குரலில்தான் பிடிச்சன், ஹில்டா. நான் வரச்சொல்லேல்லை. நேரே அவரிட்டைப் போய், "நான்தான் வெட்டினன்." எல்லாத்தையும் சொன்னா.
தலைவர் கதிரையில் இருந்திட்டார். "மகளுக்கு இப்ப சுகமோ?"
"இல்லை. போன மார்கழியில் செத்திட்டாள்."
ஹில்டா கல்லுக்குக் கிட்டப் போய், தொடலாமோ எண்டு என்னைக் கேட்டா. அவவுக்குக் கையுறை எடுக்க எழும்பினன்.
"வேண்டாம்," எண்டார் தலைவர். "வெறுங்கையால தொடட்டும்."