தட்டில் செத்த செல்கள்

அக்கா,

இன்று காலை லேபில் அந்த வெள்ளைத் தூளை மறுபடியும் எடை போட்டேன். நாம் தின்னும் பருப்பிலும் கறியிலும் இருக்கிற ஓர் அமினோ அமிலத்திலிருந்து செய்த சேர்மம். மூளைக் கட்டியின் செல்களில் அதைக் கலந்து, சாகிறதா என்று மூன்று நாள் பார்ப்போம். மூடியைத் திறந்ததும் லேசாக அழுகிய முட்டை வாடை வந்தது. உன் ஞாபகம் வந்து கை ஓடவில்லை. இதைப் பற்றி முதலில் உன்னிடம்தானே பீற்றிக்கொண்டேன்.

அன்று திருப்பதியிலிருந்து போன் செய்து, "செல்லெல்லாம் செத்துப்போச்சுக்கா" என்றேன். உன் தலைக்குள் இருந்ததும் அதே ஜாதிக் கட்டி. இவை தட்டில் வளர்த்த செல்கள், மனிதருக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மடச்சி நான்.

அந்த ஞாயிறு சித்தூருக்கு வந்திருந்தேன். சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் நைனா எழுந்து நின்றார். "எம் பெரிய பொண்ணு வியாதிக்கு சின்னப் பொண்ணே மருந்து கண்டுபுடிச்சிருக்கா. ஸ்தோத்திரம்." சபையே திரும்பி என்னைப் பார்த்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? தலையைக் குனிந்துகொண்டேன்.

கரண்டு வைக்க வேலூருக்குப் போவதை நீ நிறுத்திவிட்டாய் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கதிர்வீச்சை நம் வீட்டில் அப்படித்தானே சொல்வோம். டாக்டரே நிறுத்தச் சொன்னார் என்று நைனாவிடம் சொல்லியிருந்தாய். என்னிடம், "அத வெச்சிக்கினா ஒண்ணும் துன்ன முடியலடி. அதான் உன் மருந்து வருதே" என்றாய். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். நீ திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டாய். திட்டியிருந்தால் தேவலை.

வேலூரில் மறுபடி கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் கட்டி பெருத்து, இடது கால் விழுந்துவிட்டது. "நானாத்தான் நிறுத்துனேன்னு நைனாவுக்குத் தெரிய வாணாம். அவரு எந்திரிச்சி சொன்னதாலதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு." நீ தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அது.

நைனா இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "இன்னும் கொஞ்சம் வெரசா அந்த மருந்த முடிச்சிருக்கக் கூடாதா நீ? உங்கக்கா பொழச்சிருப்பாளே."

"முடிச்சிருக்கலாம் நைனா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.